பேய் வந்தாளா, வந்ததா? கோடிட்ட பேய்க்கதையில் இலக்கணம் பழகிய ஒரு மாலை வகுப்பு: நிகழ்வு ஆய்வு

வகுப்பும் பிள்ளைகளும்

இந்த ஆய்வு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரின் சாவடியில், ஐப்பசி தொடங்கித் தை முடிய நடந்த மாலை வகுப்பைப் பற்றியது. நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் 12 பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் சிலர் வீட்டில் தமிழும், சிலர் தெலுங்கும், சிலர் கன்னடமும் பேசுபவர்கள். 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரி, ஒருபுறம் ஆந்திரத்தையும் மறுபுறம் கர்நாடகத்தையும் எல்லையாகக் கொண்டது. இதன் மேற்குப் பகுதிகளில் ஒரே தெருவில் மூன்று மொழிகள் கேட்பது புதுமையன்று. ஆகவே, தமிழ் எழுதும்போது பிள்ளைகள் செய்த பிழைகள் எல்லாவற்றையும் கவனக்குறைவு என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்தது.

அவர்களுடைய குறிப்பேடுகளில் ‘அக்கா வந்தது’, ‘மாடுகள் ஓடினார்கள்’ என எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் நின்றன. ‘கிணறை’, ‘மரமை’ என, உருபேற்கையில் சொல் அடையவேண்டிய மாற்றத்தை அடையாமலே நின்ற சொற்களும் நிறைய. ஒற்று மிகும் இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பெரியவர்களே விட்டுவிடுகிறோம். பாடநூலின் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பயிற்சியை இவர்கள் வேகமாகவே முடிப்பார்கள். எதிரில் கொடுத்த நான்கு சொற்களில் எது பொருளுக்குப் பொருந்துகிறது என்று பார்த்து எடுத்து வைத்தால் போதும், இலக்கணத்தைத் தொடாமலே விடை வந்துவிடும்.

அதே கோடிட்ட இடத்தை விளையாட்டாக மாற்றும் வழி ஒன்று வெளிநாட்டில் நெடுநாளாக உள்ளது. கதையைக் காட்டாமல் அதில் விடுபட்ட சொற்களை மட்டும் ஒருவர் கேட்பார். மற்றவர்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள். நிரம்பிய கதையை இறுதியில் உரக்க வாசித்துச் சிரிப்பார்கள். அமெரிக்காவில் லெனார்டு ஸ்டெர்ன், ரோஜர் பிரைஸ் என்ற இருவர் 1953-இல் இதை உருவாக்கி, 1958-இல் ‘மேட் லிப்ஸ்’ என்ற பெயரில் நூலாக வெளியிட்டனர். அதே 1953-இல்தான் வில்சன் டெய்லர் என்பவர், ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு, வாசகர் அவற்றை எவ்வளவு சரியாக ஊகிக்கிறார் என்பதைக் கொண்டு அந்தப் பத்தியின் எளிமையை அளக்கும் ‘குளோஸ்’ முறையை வெளியிட்டார். இரண்டும் வெற்றிடத்தை நிரப்புபவைதான். ஆனால் டெய்லரின் முறையில் நிரப்புபவர் பொருளைப் பிடித்தாக வேண்டும். விளையாட்டில் பொருள் எக்கேடு கெட்டாலும் சொல்லின் வகை மட்டும் சரியாக இருந்தாக வேண்டும். இலக்கணப் பயிற்சிக்கு இரண்டாவதே எனக்கு உகந்ததாகப் பட்டது. அக்டோபர் 31-இல் வரும் ஹாலோவீனை ஒட்டி ஆங்கில வகுப்புகளில் இதைப் பேய்க்கதைகளாகவே ஆடுகிறார்கள் என்பதால், அத்தகைய தாள் ஒன்றைத் தமிழாக்கித் தொடங்கினேன்.

முதல் தாள் தோற்ற விதம்

தாளின் தொடக்கம் இப்படி இருந்தது: ‘ஒரு (பெயரடை) இரவில் நான் ஒரு (பெயர்ச்சொல்) ஐப் பார்த்தேன். அது (வினைச்சொல்).’ பிள்ளைகள் தந்த சொற்களை இட்டு வாசித்தபோது, ‘ஒரு குண்டு இரவில் நான் ஒரு பாட்டி ஐப் பார்த்தேன். அது ஓடு’ என்று வந்தது. சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் ‘பாட்டி ஐ’ என்று எந்தப் பிள்ளையும் வாயால் சொல்லமாட்டாள். அந்தப் பிழையைச் செய்தது தாள். ஆங்கிலப் பெயர்ச்சொல், வாக்கியத்தில் எந்த இடத்தில் நின்றாலும் பெரும்பாலும் தன் உருவம் குலையாமல் நிற்கும். ஆகவே அங்கே வெற்றிடத்தை வெட்டி வேறு சொல்லை வைத்துத் தைத்துவிடலாம். தமிழில் சொல்லோடு உருபு ஒட்டுகிறது, ஒட்டும்போது சொல்லின் உடலே மாறுகிறது, அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று தன் முகத்தை முடிவு செய்கிறது. ஓரிடத்தில் வெட்டினால் மூன்று இடங்களில் குருதி வரும்.

பெயரடை என்ற இடத்தில் முதலில் ‘உரிச்சொல்’ என்று போட்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று நன்னூல் காட்டும் உரிச்சொல் வேறு, ஆங்கில வகுப்பில் ‘அட்ஜெக்டிவ்’ என்று பிள்ளைகள் படிப்பது வேறு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘நனி’ என்று சொல்லிவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை.

கதைப்பொருளும் ஒட்டவில்லை. பூசணிக்காயில் கண்ணும் பல்லும் செதுக்கி உள்ளே விளக்கு வைப்பார்கள் என்று விளக்கியபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “வீடு கட்டுறப்ப மூஞ்சி வரைஞ்சி தொங்கவிடுவாங்களே, அதா சார்? அது நம்மளக் காப்பாத்துறது, அதுக்கு எதுக்குப் பயப்படணும்?” என்று கேட்டாள். ஆயுத பூசைக்குத் தெருவில் உடைத்த பூசணியை மறுநாள் மாடு தின்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பூசணியில் பேய் தெரியாது.

‘யாரை?’ என்று கேட்டால் ‘பாட்டியை’ என்று வரும்

இரண்டாம் தாளை ஊரிலிருந்தே எடுத்தேன். அது ராகி முற்றும் பருவம். இரவில் பரணில் ஏறிக் காவல் இருப்பது அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் அன்றாட வேலை. கதை இப்படித் தொடங்கியது: ‘அப்பா ____ அழைத்துக்கொண்டு பரணில் ஏறினார். நள்ளிரவில் புளியமரத்தடியில் ஏதோ ஒன்று ____ தின்றுகொண்டிருந்தது. அப்பா ____ தகரத்தைத் தட்டினார்.’ இந்த முறை பெயர்ச்சொல், வினைச்சொல் என்று எந்த வகைப் பெயரையும் கேட்கவில்லை. ‘யாரை?’, ‘எதை?’, ‘எதனால்?’, ‘எங்கிருந்து?’, ‘எப்படிப்பட்ட?’ என்று வினாச்சொற்களால் கேட்டேன். தமிழில் வினாவே உருபைச் சுமந்து வருகிறது. கேள்வியில் உள்ள உருபு விடையிலும் தானாக எதிரொலிக்கிறது. இலக்கணக் குறியீட்டுப் பெயர் ஒன்றும் அறியாத நான்காம் வகுப்புப் பிள்ளைகூட, ‘யாரை?’ என்றதும் ‘பாட்டியை’ என்றாள். ஆங்கில விளையாட்டின் அடைப்புக்குறிக்குள் இருந்த வேலையை நம் வினாச்சொல் இவ்வளவு இயல்பாகச் செய்யும் என்பதை நான் முன்கூட்டி நினைக்கவில்லை.

வாயில் சரியாக வருவது எழுத்தில் பிசகும் இடங்கள் இப்போது தனியே தெரிந்தன. ‘எதை?’ என்ற கேள்விக்கு ஒரு பையன் ‘ஆட்டை’ என்று சொன்னான். எழுதும்போது ‘ஆடை’ என்று எழுதினான். அதை அப்படியே வாசித்தோம்: ‘நள்ளிரவில் புளியமரத்தடியில் ஏதோ ஒன்று ஆடை தின்றுகொண்டிருந்தது.’ “பேய் எங்க அப்பா வேட்டியத் தின்னுடுச்சா சார்?” என்று அவனே கேட்டுச் சிரித்தான். ஆடு, கிணறு போன்ற நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில் டகர றகர ஒற்று இரட்டும் என்ற விதியை, அந்தப் பெயரைச் சொல்லாமலே, ஆடும் ஆடையும் மாறிய அந்த ஒரு வாக்கியம் நிலைநாட்டியது. கிணற்றை, வயிற்றை, வீட்டை, காட்டை என அன்று மாலையே ஒரு பட்டியல் சேர்ந்தது. மரம் என்ற சொல் ‘அத்து’ச் சாரியை பெற்று ‘மரத்தை’ ஆவதும் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

‘எதனால்?’ என்பதில் எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. கரண்டியால், கம்பால் என்று கருவிகளை எதிர்பார்த்திருந்தேன். ஒருத்தி ‘பயத்தால்’ என்றாள். ‘அப்பா பயத்தால் தகரத்தைத் தட்டினார்’ என்பது பிழையற்ற வாக்கியம். ஆல் உருபு கருவியையும் காட்டும், காரணத்தையும் காட்டும். மூன்றாம் வேற்றுமையின் இந்த இரு பொருளையும் வேறு எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு சிக்கனமாக நான் விளக்கியதில்லை.

பேய் எந்தத் திணை?

இந்த ஆய்வின் மையம் மூன்றாம் தாள். அதில் பெயரை மட்டுமன்றி, வினையின் முடிவையும் திறந்து விட்டிருந்தேன்: ‘கதவைத் திறந்து பார்த்தால், வாசலில் ____ நின்___.’ ஒரு பிள்ளை பெயரைத் தர வேண்டும். அடுத்த பிள்ளை, அந்தப் பெயருக்கு ஏற்ப, வினையை முடிக்க வேண்டும். முதற் பெயர் ‘மோகினி’. அடுத்திருந்தவன் ‘நின்றது’ என்று முடித்தான். அவன் வீட்டில் தெலுங்கு பேசுபவன். கன்னடம் பேசும் வீட்டுச் சிறுமி உடனே மறுத்து, ‘நின்றாள்’ என்றாள். அவன் விட்டுக்கொடுக்கவில்லை: “எங்க வீட்ல அம்மா வந்தாலும் ‘வச்சிந்தி’தான், ஆனை வந்தாலும் ‘வச்சிந்தி’தான் சார்.”

இது அறியாமை அன்று. தெலுங்கு, ஒருமையில் ஆணைத் தனியே பிரித்துவிட்டு, பெண்ணையும் அஃறிணையையும் ஒரே வினைமுடிவில் வைக்கிறது. மதிப்புக்குரியவரைச் சொல்லும்போது பன்மை முடிவுக்குப் போகிறது. கன்னடமோ தமிழைப் போலவே ஒருமையில் ஆண், பெண், அஃறிணை மூன்றுக்கும் மூன்று முடிவுகளைக் காக்கிறது. ‘அக்கா வந்தது’ என்று அவன் எழுதியபோதெல்லாம் ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழிக்குள் நேர்மையாகக் கொண்டுவந்திருக்கிறான். ஆயினும் எல்லாவற்றையும் தெலுங்கின் தலையில் ஏற்றிவிடவும் கூடாது. தமிழ் மட்டுமே பேசும் வீடுகளிலும், தருமபுரிப் பக்கம், ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’ என்பது அன்பாகவும் இயல்பாகவும் வழங்கும் பேச்சு. அதைத் திருத்துவது என் வேலையாக நான் கருதவில்லை; எழுத்துக்கு வேறு உடுப்பு என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சுற்றில் பெயர் வெறும் ‘பேய்’ என்று வந்தது. எல்லோரும் ‘நின்றது’ என்றார்கள். அப்போது ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “செத்துப்போன மனுசந்தானே சார் பேயா வர்றான்? மனுசன் உயர்திணைன்னா, பேய் மட்டும் எப்படி அஃறிணை?”

அன்று விடை சொல்லாமல் மறுநாளைக்கு ஒத்திவைத்தேன். நன்னூல், மக்கள், தேவர், நரகர் ஆகிய மூவரையும் உயர்திணை என்றும், உயிருள்ளனவும் இல்லாதனவுமாகிய மற்றவற்றை அஃறிணை என்றும் சொல்கிறது. அந்த வரையறையில் பேயை எங்கே நிறுத்துவது என்று வாதிட இடமுண்டு. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல் பையனின் கேள்விக்கு இன்னும் நெருங்கி வருகிறது. காலம், உலகம், உயிர், உடம்பு, ஞாயிறு, திங்கள் முதலான சில சொற்களை உயர்திணையின்பால் வைத்துவிட்டு, அவை பால் பிரிந்து இசைப்பதில்லை, ஆண், பெண் என்று பிரிக்கும் வினைமுடிவை ஏற்பதில்லை என்கிறது. அந்தப் பட்டியலில் பூதமும் உண்டு. உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு ‘பூதம் புடைத்தது’. அதாவது, ஒன்று எத்திணையைச் சேர்ந்தது என்பது ஒரு கேள்வி, அதைக் குறிக்கும் சொல் எந்த வினைமுடிவை ஏற்கிறது என்பது மற்றொரு கேள்வி. குழந்தை உயர்திணைதான், ஆனால் ‘குழந்தை அழுதது’ என்கிறோம். இதை அடுத்த நாள் அந்தப் பையனுக்குச் சொன்னபோது, அவனுக்குத் தொல்காப்பியர் மீது பெரிய வியப்பு ஒன்றும் ஏற்படவில்லை. தன் கேள்வி பழைய நூலிலும் இருந்தது என்பதில் மட்டும் மிகுந்த பெருமை.

அதன்பின் பிள்ளைகள் இந்த முடிவை வைத்தே விளையாடத் தொடங்கினார்கள். ‘வாசலில் பேய் நின்றது. முக்காட்டை விலக்கியதும் பாட்டி நின்றார்’ என்று ஒரே உருவம் இரு வாக்கியங்களில் திணை மாறுவதை ஒருத்தி கண்டுபிடித்தாள். அந்தக் கதையில் பயம் தீர்ந்த இடம் வினைமுற்றுத்தான்.

ஒளிந்திருக்கும் ஒற்று

ஒற்றுக்குத் தனிச் சீட்டுகள் செய்தோம். க், ச், த், ப் என்று நான்கே சீட்டுகள், ஏனெனில் வல்லினத்தில் இந்த நான்கின் வரிசைதான் தமிழ்ச் சொல்லின் முதலில் வரும். கதையில் இரு சொற்களுக்கு இடையே ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் ‘பேய்’ ஒளிந்திருக்கிறதா, இல்லையா என்று சொல்லிச் சீட்டை வைக்க வேண்டும். ‘கிழவியை[ ]பிடித்தது’, ‘காட்டுக்கு[ ]போனது’ என்பவற்றில் உண்டு. ‘கம்பால்[ ]தட்டினார்’, ‘கிழவியோடு[ ]பேசியது’ என்பவற்றில் இல்லை. ‘அந்த டார்ச்’ என்ற இடத்தில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று ஒருவன் கேட்க, நான் வாய் திறப்பதற்குள், “டார்ச் அடிச்சா பேய் ஓடிடும்டா” என்று இன்னொருவன் முடித்துவிட்டான். அதைவிட நல்ல நினைவுக்குறிப்பை என்னால் தர இயலாது.

மிகவும் பிடித்துப்போனது ‘தலையில்லாத பேய்’. இங்கே ஒற்று மிகாது. கடைசித் ‘த’வை வெட்டினால் ‘தலையில்லாப் பேய்’. ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் வல்லினம் மிகும். செத்த எழுத்தின் இடத்தில் ஒற்று ஆவியாக வந்து நிற்கிறது என்று விளக்கினேன். உறங்காப் பேய், வேகாச் சோறு, திறவாக் கதவு என்று வாரம் முழுவதும் எழுத்துகளைக் கொன்றார்கள்.

தாளில் இடம்பெறக் கூடாதவை

பேயை வைத்து விளையாடுவதில் எல்லை எது என்பதைப் பிள்ளைகளும் ஊராருமே கற்பித்தார்கள். ஒரு சுற்றில் வேடியப்பன் பெயர் வந்தது. இந்தப் பகுதிகளில் பழைய நடுகற்களை வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். வினையை முடிக்க வேண்டிய சிறுவன் குரலைத் தாழ்த்தி, ‘நின்றார்’ என்றான். அதுவரை மதிப்புப் பன்மையை எழுத்தில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவன். இலக்கணக் கண்ணால் பார்த்து நான் மகிழ்ந்திருந்தேன். மறுநாள் அவன் பாட்டி சாவடிக்கு வந்து, “சாமி வேற, பேய் வேற. ரெண்டையும் ஒண்ணா வெச்சி வெளையாடாதீங்க சார்” என்றார். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. தெய்வப் பெயர்கள் அன்றே நின்றன.

கிணறு வரும் கதையின்போது ஒரு சிறுமி பேசாமல் இருந்தாள். அவளுடைய உறவினர் ஒருவர் கிணற்றில் இறந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. ஊரில் உண்மையில் உள்ள கிணறு, மரம், வீடு, இறந்தவர் பெயர் எதுவும் வேண்டாம் என்று அதன்பின் வைத்துக்கொண்டோம். யானையையும் நீக்கினோம். கர்நாடகத்தின் பன்னார்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைகள் இந்தக் காடுகளுக்கு இறங்கும் பருவம் அது; “பேய்க்கெல்லாம் பயமில்ல சார், ஆனைக்குத்தான் பயம்” என்று முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்கள். யானை வரும் தாளில் யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டுக்கு உரிய அச்சம், இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றின் மீது இருக்க வேண்டும். வகுப்பையும் இருட்டுவதற்குள் முடித்தேன். கடைசி வாக்கியத்தில் பேய் ஆந்தையாகவோ காய்ந்த சேலையாகவோ மாறித் தீர வேண்டும் என்பது சின்னப் பிள்ளைகளுக்காக வைத்த விதி.

பயன் எதுவரை

எழுத்தில் திணை பால் முடிவுகள் தெளிவாகத் திருந்தின. பள்ளிக் கட்டுரைகளிலும் அது தெரிந்தது. உருபேற்கும் சொல்மாற்றமும் ஓரளவு நிலைத்தது. ஒற்று அப்படி நிலைக்கவில்லை. சீட்டு கையில் இருக்கும்வரை வரும் ஒற்று, தாளில் தனியே எழுதும்போது மறைந்துவிட்டது. கட்டம் இருக்கும் இடத்தில் தேடப் பழகினார்களே தவிர, கட்டம் இல்லாத இடத்தில் ஐயப்படப் பழகவில்லை. இதற்கு விளையாட்டைவிட வாசிப்பே மருந்து என்று நினைக்கிறேன்.

பேய்க்கதை முழுக்க இறந்த காலத்திலேயே நடக்கிறது என்பது மற்றொரு குறை. எதிர்காலம் பழகுவதற்காகக் கதையில் ஒரு சாபத்தைச் சேர்த்தோம்: ‘நாளை அமாவாசையில் நீ ____ ஆவாய், உன் கோழிகள் நள்ளிரவில் ____.’ ஒரு கோழியும் கூவும், பல கோழிகளும் கூவும் என்று அஃறிணை எதிர்காலத்தில் ஒருமையும் பன்மையும் ஒன்றாகவே நிற்பதை அப்போதுதான் கவனித்தார்கள்.

தை மாதக் கடைசியில், பிள்ளைகளே தாள் எழுதி என்னை நிரப்பச் சொன்னார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் ஏழாம் வகுப்புச் சிறுமி தன் தாளை மார்போடு மறைத்துக்கொண்டு, “யாரு சார்?” என்று கேட்டாள். வேண்டுமென்றே, “பூதம்” என்றேன். அவள் தாளில் எழுதாமல் தலையை ஆட்டினாள். அங்கே வினையை ஏற்கெனவே ‘சிரித்தாள்’ என்று முடித்து வைத்திருந்தாள் போலும்.

“யாருன்னுதான் கேட்டேன் சார். எதுன்னு கேக்கல.”